எறும்பு மனிதன் பார்த்தவர்கள் மட்டும் உள்ளே வாங்க (கதை எல்லாம் உடையும்)

பெர்ரிக்காரன்
18 ஜூலை 2015, இரவு 11:50

நோன்புப் பெருநாள் விடுமுறை. வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. பினாங்குப் பாலத்தில் கார்கள் அசையவே இல்லை என்று மச்சான் போன் செய்து சொன்னார். காரைப் பட்டர்வொர்த்திலேயே போட்டுவிட்டு, மனைவியும் நானும் பெர்ரி ஏறித் தீவுக்குப் போய் ஆன்ட்-மேன் பார்த்துவிட்டு வந்தோம்.

பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. போன அவெஞ்சர்ஸ் படத்தில் ஒரு ஊரையே பெயர்த்து வானத்தில் தூக்கினார்கள், நான் கொட்டாவி விட்டேன். இங்கே கடைசிச் சண்டை ஒரு சின்னப் பெண்ணின் படுக்கையறையில், பொம்மை ரயில் தண்டவாளத்தின் மேல் நடக்கிறது. எறும்பளவு சுருங்கிச் சண்டை போடுகிறவர்கள் உயரத்திலிருந்து பார்த்தால் ரயில் மலை மாதிரி பாய்ந்து வருகிறது. அடுத்த நொடி கேமரா நம் உயரத்துக்கு வருகிறது. ரயில் 'டொக்' என்று தடம் புரண்டு விழுகிறது, அவ்வளவுதான். அரங்கமே வெடித்தது. எனக்கு முன்வரிசையில் ஒரு சீனப் பாட்டி பேரன் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

ஒரு சந்தேகம். பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் நாயகி ஹோப்புக்கு அப்பா ஓர் உடையைக் காட்டும் காட்சி வந்தது. அதோடு பெர்ரிக்கு நேரமாகிவிட்டது என்று மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதற்கப்புறம் இன்னொன்று இருக்கிறதாமே? என்ன அது?

செந்தூல்சிங்கம்
19 ஜூலை 2015, காலை 9:14

சொல்ல மாட்டோம் அண்ணே. பெர்ரிக்காக மார்வெல் படத்தில் பாதியில் எழுந்தவருக்கு மன்னிப்பே கிடையாது.

கோலாலம்பூரில் பெருநாள் அன்று சாலைகள் காலியாகக் கிடந்தன. எல்லாரும் கம்பத்துக்கு, அதாவது சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். படக்கொட்டகையில் மட்டும் நம்மவர்களும் சீனர்களும் நிரம்பி வழிந்தார்கள். எனக்குக் கிடைத்தது முதல் வரிசை. கழுத்தை அண்ணாந்து 117 நிமிஷம். எறும்பின் பார்வையில் உலகத்தைப் பார்ப்பது என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன வரலாறு. இந்தப் பாத்திரம் காமிக்ஸில் 1962இலேயே வந்துவிட்டது. முதலில் ஹேங்க் பிம்தான் எறும்பு மனிதன். திருடனாக இருந்து திருந்திய ஸ்காட் லேங் அந்த உடைக்குள் வந்தது 1979இல். படத்தில் இரண்டு பேரையும் வைத்து, மூத்தவர் இளையவரிடம் ஒப்படைப்பதாகக் கதையைக் கட்டியிருக்கிறார்கள். அது நல்ல யோசனை. ஹேங்காக நடிக்கும் மைக்கேல் டக்ளஸுக்கு 70 வயது. முதல் காட்சியில் 1989ஆம் ஆண்டு என்று போட்டு, முகத்துச் சுருக்கத்தை எல்லாம் கணினியில் அழித்து, இளைஞராகக் கொண்டுவந்து நிறுத்தியதும் பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். நம் ஊர்க் கதாநாயகர் அறிமுகத்துக்கு அடிப்பது போலவே.

அம்மாடியோவ்
19 ஜூலை 2015, காலை 10:02

ஆயர் ஈத்தாமிலிருந்து ஓர் அம்மாவின் கேள்வி. என் மகனுக்கு 7 வயது. எறும்பு எறும்பு என்று உயிரை வாங்குகிறான். கூட்டிப் போகலாமா? ரத்தம், கெட்ட வார்த்தை, முத்தம் எல்லாம் எந்த அளவு?

ஈயப்பற்று
19 ஜூலை 2015, காலை 10:40

அக்கா, ரத்தம் அவ்வளவாக இல்லை. ஆனால் இரண்டு இடத்தில் பையன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வில்லன் ஒரு மனிதரைக் கழிவறையில் வைத்துச் சுட்டுச் சளி மாதிரி ஒரு சொட்டாக்கிவிடுவான். இன்னொரு இடத்தில் ஆட்டுக்குட்டியை வைத்து அதே சோதனை. என் அக்காள் மகள் ஆட்டுக்குட்டிக்கு அழுதாள். மனிதருக்கு அழவில்லை.

மற்றபடி அழுகை என்றால் அந்தோணிக்குத்தான்.

அம்மாடியோவ்
19 ஜூலை 2015, காலை 10:44

அந்தோணி யார்?

ஈயப்பற்று
19 ஜூலை 2015, காலை 10:51

நாயகன் சவாரி செய்யும் பறக்கும் எறும்பு. அதற்கு முதலில் 247 என்று எண்தான் இருக்கும். ஸ்காட் அதற்குப் பெயர் வைப்பான். ஆங்கிலத்தில் 'ஆன்ட்' வைத்து ஒரு சிலேடை. எங்கள் தெருவில் மட்டும் மூன்று அந்தோணி இருக்கிறார்கள், அதனால் எங்கள் வரிசைக்கு அந்தச் சிலேடை இரண்டு மடங்காக வேலை செய்தது.

கெரெங்கா
19 ஜூலை 2015, பிற்பகல் 1:20

இந்த இழைக்காகத்தான் நான் பிறந்தேன் என்று நினைக்கிறேன். பூச்சியியல் படிக்கிறேன். என் பயனர் பெயரைப் பார்த்தாலே தெரியும், மலாயில் முசுறு எறும்பு என்று பொருள். ரம்புத்தான் மரத்தில் ஏறியவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

படத்தில் நான்கு வகை எறும்புகள் திருட்டில் பங்கெடுக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. அதில் பெரும்பாலும் ஏமாற்றவில்லை. தீ எறும்புகள் ஒன்றையொன்று கவ்விப் பாலமும் தெப்பமும் கட்டும். வெள்ளம் வந்தால் உண்மையாகவே அப்படித்தான் கூட்டமாக மிதந்து தப்பிக்கும். பைத்திய எறும்புகள் மின்கருவிகளை எரிப்பதும் உண்மைதான். ஒன்று மின்சாரத்தில் அடிபட்டதும் அபாய வாசனை ஒன்றை விடும். அதை முகர்ந்து மற்றவை சண்டைக்கு வரும், அவையும் அடிபடும். கடைசியில் பிணங்கள் குவிந்து கருவி நின்றுவிடும். தோட்டா எறும்பு தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்காக் காடுகளில் இருக்கிறது. ஷ்மிட் என்பவர் பூச்சிக்கடியின் வலிக்கு ஒரு பட்டியல் போட்டார். அதில் உச்சம் 4, அது இந்த எறும்புக்கு.

கோட்டை விட்டது அந்தோணியில்தான். அந்தோணியைத் தச்சு எறும்பு என்கிறார்கள், இறக்கையோடு வேலை செய்கிறான், 'அவன்' என்று அழைக்கிறார்கள். எறும்புக் கூட்டில் வேலைக்காரர்கள் அத்தனை பேரும் பெண்கள். அவர்களுக்கு இறக்கை கிடையாது. இறக்கை உள்ள ஆண், ராணியோடு ஒருமுறை பறந்துவிட்டுச் சீக்கிரமே செத்துப் போவான். கூட்டில் அவனுக்கு வேறு வேலை இல்லை. ஆக, சரியாகச் சொன்னால் அவள் அந்தோணியம்மாள், பறக்கத் தெரியாதவள்.

செந்தூல்சிங்கம்
19 ஜூலை 2015, பிற்பகல் 1:31

அந்தோணியம்மாள்!!! முடியல.

பழைய_ரீல்
19 ஜூலை 2015, மாலை 5:05

தங்கச்சி கெரெங்கா எழுதியதைப் படித்ததும் ஒரு பழைய வாசனை வந்தது. நான் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பால் உறைய ஊற்றும் ஆசிட் இருக்கிறதே, பார்மிக் ஆசிட், அதை முதலில் எறும்பிலிருந்துதான் வடித்தார்களாம். பெயரே எறும்புக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஸ்டோருக்குப் பக்கத்தில் போனால் மூக்கில் ஏறும். கெரெங்காக் கூட்டைக் கிழித்தாலும் அதே நெடிதான். அந்தக் காலத்தில் இது எனக்குத் தெரியாது. எறும்புக்கும் எங்கள் சோற்றுக்கும் இப்படி ஒரு சம்பந்தம் இருந்திருக்கிறது.

பிறகு பினாங்குக்கு வந்து படக்கொட்டகையில் புரொஜெக்டர் ஓட்டினேன். பினாங்குச் சாலை ஓடியனில் எத்தனை படம் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. இப்போது பேரன் கூட்டிப் போனதால் இந்தப் படத்துக்குப் போனேன்.

எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. நம் நாட்டில் இங்கிலீஷ் படத்துக்குக் கீழே மலாயிலும் சீனத்திலும் இரண்டு வரி ஓடும் இல்லையா? அந்த லூயிஸ் என்கிற கூட்டாளி மூச்சு விடாமல் கதை சொல்கிறான். யாரோ சொன்னதை இன்னொருவர் சொன்னதாக, அவர் வேறொருவரிடம் கேட்டதாக. சொல்லப்படுகிற ஆட்கள் எல்லாம் திரையில் அவன் குரலிலேயே வாயசைக்கிறார்கள். எழுத்தைப் படித்தவர்கள் முதலில் சிரித்தார்கள். காதால் கேட்டவர்கள் அரை நிமிஷம் கழித்துச் சிரித்தார்கள். இரண்டும் கேட்காத, படிக்காத என்னைப் போன்றவர்கள் அவன் முகத்தைப் பார்த்தே சிரித்தோம். ஒரே நகைச்சுவைக்கு ஒரே அரங்கில் மூன்று அலை. புரொஜெக்டர் அறைத் துளை வழியாகக் கீழே பார்த்த நாட்களில், எந்த இடத்தில் யார் சிரிக்கிறார்கள் என்று கவனிப்பதுதான் என் பொழுதுபோக்கு. அது திரும்பி வந்தது.

சித்தர்பூமி
19 ஜூலை 2015, இரவு 8:12

எல்லாரும் ஏதோ ஹாலிவுட்காரன் கண்டுபிடித்த மாதிரி பேசுகிறீர்கள். அட்டமா சித்திகளில் முதல் சித்தியே அணிமா. அணுவைப் போல் சிறியதாவது. அடுத்தது மகிமா, மலையைப் போல் பெரிதாவது. அனுமன் சுரசையின் வாய்க்குள் சின்ன உருவமாகப் புகுந்து வெளியே வந்ததை விடவா இவர்கள் செய்துவிட்டார்கள்? 1962 என்று ஒருவர் பெருமையாகச் சொல்கிறார். நம்மிடம் எத்தனை நூற்றாண்டாக இருக்கிறது!

ஈயப்பற்று
19 ஜூலை 2015, இரவு 8:30

அனுமன் இலங்கைக்குள் நுழைந்தது உளவு பார்க்க. இவன் நுழைந்தது திருட. திருட்டுப் படம் என்று பார்த்தால் உங்கள் உதாரணம் கொஞ்சம் இடிக்கிறது சார்.

சித்தர்பூமி
19 ஜூலை 2015, இரவு 8:34

இலங்கையைக் கொளுத்திவிட்டு வந்தாரே, அது கணக்கில் வராதா?

பழைய_ரீல்
19 ஜூலை 2015, இரவு 9:10

பழைய பெருமை பேச வேண்டுமென்றால் எனக்கு ஔவையார் போதும். "எறும்பும் தன் கையால் எண் சாண்" என்றார். எல்லாரும் அவரவர் கையால் எட்டுச் சாண்தான், எறும்பும் அப்படியே. இந்தப் படத்தில் கேமரா செய்வது அதைத்தானே? எறும்பின் கையால் அளந்தால் குளியல் தொட்டி ஒரு பள்ளத்தாக்கு. குழாயைத் திறந்தால் பிரளயம்.

கெரெங்கா
19 ஜூலை 2015, இரவு 9:15

ஐயா, இந்த ஒரு வரிக்காகவே இழையைச் சேமித்து வைத்துக்கொள்கிறேன்.

நடுவரிசை
20 ஜூலை 2015, காலை 7:48

கொண்டாட்டத்தைக் கெடுக்க ஒருவர் வேண்டும், நான் வருகிறேன்.

படம் மோசமில்லை. ஆனால் நாம் பார்த்தது வேறு ஒருவர் கனவு கண்ட படத்தின் மிச்சம். எட்கர் ரைட் பல வருஷமாக இதற்காக உழைத்தார். 2014 மே மாதம் கருத்து வேறுபாட்டால் விலகினார். பெய்டன் ரீட் உள்ளே வந்தார், ஆகஸ்டில் படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. திரைக்கதைக்கு நான்கு பெயர்: ரைட், ஜோ கார்னிஷ், ஆடம் மெக்கே, கூடவே நாயகன் பால் ரட். நான்கு பேர் கரண்டி போட்ட குழம்பு. சில இடத்தில் உப்பு சரியாக இருக்கிறது, சில இடத்தில் வெறும் தண்ணீர்.

வில்லன் யார் என்று யோசித்துப் பாருங்கள். மொட்டைத் தலை, கோட்டு சூட்டு, குருவின் மேல் கோபம். கோரி ஸ்டோல் நல்ல நடிகர், கையில் ஒன்றுமே கொடுக்கவில்லை. பயிற்சிக் காட்சிகளை வேறு எத்தனை படத்தில் பார்த்துவிட்டோம்?

எல்லாவற்றையும் விட என்னை உறுத்தியது அந்த மூன்று கூட்டாளிகள். ஒருவன் லத்தீன் அமெரிக்கன், ஒருவன் கறுப்பர், ஒருவன் ரஷ்ய உச்சரிப்புக்காரன். மூவரும் திருடர்கள், மூவரும் கோமாளிகள். வெள்ளைக்கார நாயகன் திருந்துகிறான், இவர்கள் சிரிக்க வைக்கிறார்கள். நம் நாட்டு நாடகங்களில் நம்மவர்கள் எந்த வேஷத்தில் வருகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள், இதைப் பார்த்து எப்படி விழுந்து விழுந்து சிரிக்கிறீர்கள்?

செந்தூல்சிங்கம்
20 ஜூலை 2015, காலை 9:30

வில்லன் விஷயத்தில் சரணடைகிறேன். ஆனால் நடுவில் அவன் அடி வாங்கும் விதத்தை மறந்துவிட்டீர்கள். டேபிள் டென்னிஸ் மட்டையால் ஒரே அடி. பறந்து போய்ப் பூச்சி கொல்லும் மின்விளக்கில் ஒட்டிக்கொள்கிறான். டெங்கிக் கொசுவுக்குப் பயந்து வீட்டுக்கு வீடு மின்மட்டை வைத்திருக்கும் ஊர் இது. அந்த 'சட்' சத்தம் கேட்டதும் அரங்கில் எழுந்த ஆரவாரம் அமெரிக்காவில்கூட வந்திருக்காது.

கூட்டாளிகள் விஷயத்தில் ஒப்புக்கொள்ள மாட்டேன். லூயிஸ் கோமாளி இல்லை. திருடப் போகும் இடத்தில் காவலாளி உடை போட்டுக்கொண்டு மயங்கிக் கிடக்கும் ஆளை வெளியே இழுத்துப் போட ஓடுவான், கட்டடம் வெடிக்கப் போகிறதே என்று. 'நாம் நல்லவர்களா?' என்று படத்தில் உண்மையாகவே யோசிப்பவன் அவன் ஒருவன்தான். மைக்கேல் பேன்யா அப்படி நடித்திருக்கிறார்.

நடுவரிசை
20 ஜூலை 2015, காலை 9:52

நடிகர் நன்றாகச் செய்தார் என்பதும் வேஷம் நன்றாக எழுதப்பட்டது என்பதும் ஒன்றல்ல தம்பி. நாகேஷ் நடித்தார் என்பதற்காக அவருக்குக் கிடைத்த எல்லா வேஷமும் பெரிய வேஷமாகிவிடுமா?

பழைய_ரீல்
20 ஜூலை 2015, காலை 10:20

நாகேஷைத் தொட்டால் நான் எழுந்து வருவேன். ஆனால் நீங்கள் சொல்வதில் பாதி சரி.

அம்மாடியோவ்
20 ஜூலை 2015, பிற்பகல் 2:15

பார்த்துவிட்டு வந்தோம். ஆட்டுக்குட்டிக்குக் கண்ணை மூடினேன், விரல் இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டான். அந்தோணிக்கு அழுதான். நாய் அளவு எறும்பு ஒன்று அந்தச் சின்னப் பெண்ணின் வீட்டில் சாப்பாட்டு மேசைக்குக் கீழே கிடப்பதைப் பார்த்துவிட்டு, நமக்கும் ஒன்று வேண்டும் என்று ஒரே அடம். டிக்கெட், பாப்கார்ன், தண்ணீர், போதாக்குறைக்கு ஏப்ரலில் வந்த 6 விழுக்காடு ஜிஎஸ்டி வேறு. இதில் எறும்புக்கு வேறு சோறு போட வேண்டுமா?

நான் சொல்ல வந்தது ஹோப் பற்றி. யாருமே பேசவில்லையே! சண்டை அவளுக்குத் தெரியும், எறும்புகளை அடக்கத் தெரியும், அந்த நிறுவனத்துக்கு உள்ளேயே வேலை செய்கிறாள். நாயகனுக்கே அவள்தான் குத்தக் கற்றுக்கொடுக்கிறாள். அப்பா ஹேங்க் மட்டும் உடையைத் தர மாட்டார். காரணம், 1987இல் அம்மா ஓர் ஏவுகணையை நிறுத்த அணுவுக்கும் கீழே சுருங்கிப் போய்த் திரும்பி வரவில்லை. மகளையும் இழக்கப் பயம்.

அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. என் அப்பாவும் அப்படித்தான். அண்ணன் 17 வயதில் மோட்டார் லைசென்ஸ் எடுத்தான். எனக்கு 'கீழே விழுந்து கையைக் காலை உடைச்சுக்காதே' என்று 26 வயது வரைக்கும் தரவில்லை. அண்ணன் மூன்று முறை விழுந்தான். வெள்ளைக்கார விஞ்ஞானிக்கும் அதே அப்பா புத்திதான் போல. கடைசியில் அந்த உடையைக் காட்டும்போது ஹோப் ஒரு வார்த்தை சொல்வாளே, 'இப்பவாவது வந்துச்சே' என்கிற மாதிரி, பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கை தட்டினேன்.

ஈயப்பற்று
20 ஜூலை 2015, இரவு 10:30

பாயான் லெப்பாஸில் ஷிப்ட் முடித்துவிட்டு எழுதுகிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அறிவியல் பொய். அணுக்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் குறைக்கிறார்கள், எடை அப்படியே இருக்கும், அதனால்தான் எறும்பு அளவில் குத்தினாலும் ஆள் பறக்கிறான் என்கிறார்கள். சரி. அப்படியென்றால் 80 கிலோ ஆள் எறும்பு மேல் உட்கார்ந்தால் அந்தோணி அன்றைக்கே சட்னி. ஹேங்க் பிம் சாவிக்கொத்தில் ஒரு டாங்கியைச் சுருக்கி மாட்டியிருக்கிறார். உண்மையான டாங்கி. அதன் எடையோடு கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறாரா? படத்துக்கு எப்போது வசதியோ அப்போது எடை இருக்கிறது.

ஆனால் ஓர் இடம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. பிம் வீட்டு நிலவறையில் பழைய பெட்டகம். 1910இல் செய்தது, டைட்டானிக் கப்பலுக்குப் போட்ட அதே எஃகு என்கிறான் ஸ்காட். அந்த எஃகு குளிருக்குத் தாங்காது என்பதும் அவனுக்குத் தெரியும். பூட்டில் துளை போட்டுத் தண்ணீரை உள்ளே விட்டு உறைய வைக்கிறான். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 விழுக்காடு பெருக்கும். குளிரில் எஃகு ஏற்கெனவே முறுகிக் கிடக்கிறது. கதவு பிய்த்துக்கொண்டு வருகிறது. டைட்டானிக் எஃகில் கந்தகம் அதிகம், பனிக்கடல் குளிரில் அது கண்ணாடி மாதிரி உடையக்கூடியது என்று 1990களில் சோதித்துச் சொன்னார்கள். நான் உலோகத்தோடு வேலை செய்பவன், அந்த ஒரு நிமிஷத்துக்காக இந்தப் படத்தின் மற்றப் பொய்களை எல்லாம் மன்னித்தேன்.

நடுவரிசை சார், இதுதான் என் பதில். எனக்கு இது சூப்பர்ஹீரோ படமே இல்லை. திருட்டுப் படம். மங்காத்தாவில் 500 கோடி சூதாட்டப் பணத்துக்கு ஐந்து பேர் கூடித் திட்டம் போட்டார்களே, அதே வகை. அங்கே யார் யாரைக் கவிழ்ப்பார்கள் என்று பார்த்தோம். இங்கே யாரும் யாரையும் கவிழ்க்கவில்லை. ஆனால் வேலை இருக்கிறது: தண்ணீர்க் குழாயின் அழுத்தத்தை ஒருவன் குறைக்க வேண்டும், ஒருவன் காவலாளியாக உள்ளே போக வேண்டும், ஒருவன் கணினியில், ஒருவன் வேனில், எறும்புகள் கம்பியில். ஒவ்வொன்றாகச் சொதப்பும்போது அதைச் சரிக்கட்டுவதைப் பார்ப்பதில்தான் ருசி. உலகம் அழியப் போகிறதா என்று எனக்குக் கவலையே வரவில்லை, வேன் கிளம்புமா என்றுதான் கவலை.

நடுவரிசை
21 ஜூலை 2015, காலை 8:05

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் பிடிவாதக்காரன் இல்லை. திருட்டுப் படமாகப் பார்த்தால் 10க்கு 7. ஆனால் கணக்கையும் பாருங்கள்: அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 57 மில்லியன் டாலர். அவெஞ்சர்ஸ் அங்கே மே மாதம் 191 மில்லியனோடு தொடங்கியது. மக்களுக்கு ஊர் பறக்கத்தான் வேண்டும்.

செந்தூல்சிங்கம்
21 ஜூலை 2015, காலை 8:20

எறும்பு மெதுவாகத்தான் ஊரும். கல் தேயட்டும்.

மௌனம்77
22 ஜூலை 2015, நள்ளிரவு 12:41

இங்கே நான் வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. ஒன்று சொல்ல வேண்டும்.

என் அண்ணன் நான்கு வருஷம் உள்ளே இருந்துவிட்டுப் போன வருஷம் வெளியே வந்தார். செய்த தப்பை நான் மறைக்கவில்லை, அவரும் மறைப்பதில்லை. வெளியே வந்து எட்டு இடத்தில் வேலை கேட்டார். விண்ணப்பப் பாரத்தில் ஒரு கட்டம் இருக்கும், குற்றப் பதிவு உண்டா என்று. உண்மையை எழுதிய இடத்தில் கூப்பிடவே இல்லை. ஓர் இடத்தில் எழுதாமல் விட்டார். மூன்றாவது வாரம் தெரிந்துவிட்டது. முதலாளி சத்தம் போடவில்லை, நல்லவர்தான், கணக்குப் பார்த்துச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வீட்டில் முடங்கிக் கிடக்கிறாரே என்று நான்தான் இந்தப் படத்துக்குக் கூட்டிப் போனேன். கதை ஒன்றும் தெரியாது, எறும்பு என்று மட்டும் தெரியும். படம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் ஸ்காட் சிறையிலிருந்து வருகிறான், பாஸ்கின் ராபின்ஸ் கடையில் ஐஸ்கிரீம் விற்கிறான். மேலாளர் உள்ளே கூப்பிடுகிறார். உன்னைப் பற்றித் தெரிந்துவிட்டது என்கிறார். நீ செய்ததை நான் மதிக்கிறேன் என்றுகூடச் சொல்கிறார். ஆனால் வேலை இல்லை. போகும்போது ஒரு மாம்பழ ஜூஸ் எடுத்துக்கொண்டு போ, நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன் என்கிறார்.

அரங்கமே சிரித்தது. எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. ஏன் கூட்டி வந்தோம் என்று இருந்தது. திரும்பி அண்ணனைப் பார்க்கப் பயம். ஆனால் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தது அவர்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'பாத்தியாடா, அவனுக்காவது ஜூஸ் குடுத்தான்' என்றார்.

பிறகு இரண்டு நாளாக வீட்டில் ஜூஸ் ஜூஸ் என்று அதே பேச்சு. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான்கு வருஷம் கழித்து வீட்டில் அந்த விஷயத்தை வாய்விட்டுப் பேசியது இப்போதுதான்.

அம்மாடியோவ்
22 ஜூலை 2015, காலை 6:50

தம்பி, காலையிலேயே அழ வைத்துவிட்டீர்கள்.

பழைய_ரீல்
22 ஜூலை 2015, காலை 7:30

தம்பிக்குத் தனி மடல் போட்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒருவர் பட்டர்வொர்த்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். அவர் பாரம் எல்லாம் நீட்டுகிற ஆள் இல்லை. பாருங்கள்.

ஈயப்பற்று
22 ஜூலை 2015, காலை 7:41

பட்டறை அமைந்தால் சொல்லுங்கள். எரிவாயு வெல்டிங் என்னால் சொல்லித்தர முடியும். சனிக்கிழமைகளில் நான் சும்மாதான் இருக்கிறேன்.

நடுவரிசை
22 ஜூலை 2015, காலை 9:15

மௌனம்77, அந்தக் காட்சியை நான் குறிப்பேட்டில் 'பழைய நகைச்சுவை' என்று எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன்.

சித்தர்பூமி
22 ஜூலை 2015, பிற்பகல் 12:10

நானும் அணிமாவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பெர்ரிக்காரன்
22 ஜூலை 2015, இரவு 9:00

எல்லாம் சரி. அந்தக் கடைசிக் காட்சி என்ன என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

செந்தூல்சிங்கம்
22 ஜூலை 2015, இரவு 9:02

மாட்டோம்.

நெறியாளர்
14 செப்டம்பர் 2015, மாலை 4:00

இழையில் புதிய பதிவு இல்லாததால் கீழே இறங்கிவிட்டது. பூட்டவில்லை. விரும்பியவர்கள் தொடரலாம்.

அம்மாடியோவ்
8 ஜூலை 2018, காலை 11:25

தேடிப் பிடித்துத் தூசி தட்டுகிறேன். இரண்டாம் பாகம் வந்துவிட்டது, இந்தத் தடவை தலைப்பிலேயே குளவியும், அதாவது நம் ஹோப்பும் இருக்கிறாள். மகனுக்கு இப்போது 10 வயது. அம்மாவோடு படத்துக்கு வர வெட்கமாம், இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தான். ஹோப் சமையலறையில் கத்தி மேல் ஓடிச் சண்டை போட்டபோது நான் கத்தியதில் இன்னும் இரண்டு வரிசை தள்ளிப் போய்விட்டான்.

ஜிஎஸ்டி போன மாதம் பூஜ்யமாகிவிட்டது, ஆனால் பாப்கார்ன் விலை இறங்கின மாதிரி தெரியவில்லை.

செந்தூல்சிங்கம்
8 ஜூலை 2018, பிற்பகல் 12:03

அக்கா! நடுவரிசை அண்ணனுக்கு ஒரு தகவல்: முதல் படம் உலகம் முழுக்க 519 மில்லியன் டாலர் வசூலித்தது. கல் தேய்ந்தது.

மௌனம்77
8 ஜூலை 2018, மாலை 6:30

அண்ணன் இப்போது பட்டறையில் இருக்கிறார். பழைய_ரீல் ஐயாவுக்கும் ஈயப்பற்று அண்ணனுக்கும் நேரிலேயே நன்றி சொல்லிவிட்டோம், இங்கேயும் ஒருமுறை. நேற்று அவர்தான் டிக்கெட் எடுத்து எங்களைக் கூட்டிப் போனார். இடைவெளியில் எல்லாருக்கும் மாம்பழ ஜூஸ் தேடினார், கிடைக்கவில்லை. மைலோ வாங்கிக் கொடுத்தார்.

நடுவரிசை
8 ஜூலை 2018, இரவு 7:15

நம் ஊர்க் கொட்டகையில் இங்கிலீஷ் படத்துக்கு ஏது இடைவெளி?

மௌனம்77
8 ஜூலை 2018, இரவு 7:22

படம் தொடங்கும் முன், விளம்பரம் ஓடும்போது. குறிப்பேட்டில் திருத்திக்கொள்ளுங்கள் அண்ணே.

பெர்ரிக்காரன்
8 ஜூலை 2018, இரவு 11:58

மூன்று வருஷமாக என்னைத் தவிக்க விட்ட அத்தனை பேருக்கும் வணக்கம். முதல் படத்தின் கடைசிக் காட்சியை அடுத்த வருஷம் வந்த கேப்டன் அமெரிக்கா படத்திலேயே பார்த்துத் தெரிந்துகொண்டேன். உலோகக் கைக்காரன் மாட்டிக்கொண்டு நிற்கும் காட்சி. இதற்கா அவ்வளவு ரகசியம்?

இந்தத் தடவை விடுவதாக இல்லை. மனைவியை முதல் பெர்ரியில் அனுப்பிவிட்டேன். பெயர்கள் ஓடின, ஓடின, உலகத்தில் உள்ள அத்தனை பேர் பெயரும் ஓடின. துடைப்பத்தோடு ஒரு பையன் வந்து என் காலடியைப் பெருக்கினான். நான் அசையவில்லை. அரங்கில் நானும் அவனும் மட்டும்.

கடைசியில் வந்தது. பெரிய எறும்பு ஒன்று டிரம்ஸ் வாசித்தது.

அவ்வளவுதான்.